ஆள் அனுப்பாத எழுத்து

ராசாங்கத்துக்குக் கண்ணைவிட விரல் நுனி கூர்மை. தந்தியைத் தானே தாளில் அடித்துத் தரும் டெலிபிரிண்டரின் துளை நாடாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இழுத்துக்கொண்டே போவார். எந்த எழுத்து, எந்த இடத்தில் பிசகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஓர் எழுத்துக்கு ஐந்து இடம். ஒவ்வொரு இடத்திலும் ஓட்டை இருக்கும் அல்லது இருக்காது. அவ்வளவுதான் கணக்கு. வாலிகண்டபுரத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்த குடும்பத்திலிருந்து ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்தவர். எழுபத்து நான்கில் அரியலூர் தந்தி ஆபீஸில் மெக்கானிக்காகச் சேர்ந்தார்.

எழுபத்தொன்பது மாசியில் அங்கே டெலிபிரிண்டர் ஆபரேட்டராக இருந்த சிவசுப்பிரமணியன் பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்துபோனார். அனுப்பும் ஒவ்வொரு தந்தியின் கடைசியிலும் எஸ்.எஸ். என்று தன் பெயரின் இரண்டு எழுத்தை அடிப்பது அவர் வழக்கம். திருச்சிக்காரர்களுக்கு அந்த இரண்டு எழுத்துதான் அவர் முகம்.

காரியம் முடிந்த பத்தாம் நாள், பிற்பகல் மூன்றே முக்காலுக்கு, யாரும் தொடாத மெஷின் தானாக உறுமி ஓடத் தொடங்கியது. தாளில் ஒரு எஸ். சில வினாடி சும்மா ஓடியது. இன்னொரு எஸ். பிறகு அடங்கிவிட்டது.

மறுநாளும் அதே நேரம். அதற்கடுத்த நாளும்.

புதிதாக வந்த ஆபரேட்டர் தங்கசாமி நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அண்ணே, திருச்சியில கேட்டுட்டேன். நாங்க ஒண்ணும் அனுப்பலங்கிறான். அப்ப இத அடிக்கிறது யாருங்க?"

"லைன்ல வந்துருக்கு. லைன்ல வந்தா எங்கேருந்தோ வந்துருக்கணும்ல" என்றார் ராசாங்கம்.

செய்தி எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. ஒரு வாரத்தில் சிவசுப்பிரமணியனின் மனைவி ரெங்கம்மாள் தினமும் மூன்றரைக்கு வரத் தொடங்கினாள். கவுண்டருக்கு வெளியே பெஞ்சில் உட்காருவாள். மெஷின் இரண்டு முறை தட்டும். எழுந்து போய்விடுவாள். அழவில்லை. பஸ்ஸுக்கு வந்தவள் பஸ்ஸைப் பார்த்துவிட்டுப் போவதுபோல அத்தனை சாதாரணமாக இருந்தது. தங்கசாமிக்கு மெஷினைவிட அவளைப் பார்க்கத்தான் பயம்.

திருச்சியிலிருந்து வரும் லைன் ஆபீஸுக்குள் நுழையும் இடத்தில் ராசாங்கம் துளைபோடும் கருவி ஒன்றை மாட்டினார். லைனில் எது வந்தாலும், மெஷினுக்குப் போகுமுன் நாடாவில் பதிவாகிவிடும். மூன்றே முக்காலுக்கு நாடா நகர்ந்தது. விரலால் தடவினார். முதல் இடத்தில் ஓட்டை, மூன்றாவதில் ஓட்டை. சுத்தமான எஸ். பிசிறே இல்லை. கோளாறில் வரும் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இது கை தேர்ந்த ஆள் அடித்த எழுத்து மாதிரி இருந்தது. அன்றைக்கு அவரும் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஆனாலும் விடவில்லை. அடுத்த ரயில்வே ஸ்டேஷனில் லைனைப் பிரித்துத் திருச்சிப் பக்கத்தைத் துண்டிக்கச் செய்தார். அப்படியும் அரியலூர் நாடாவில் எழுத்து விழுந்தது. அப்படியானால் திருச்சியிலிருந்து வரவில்லை, வழியில்தான் பிறக்கிறது. மறுநாள் பிற்பகலில் தண்டவாளத்தை ஒட்டிக் கம்பம் கம்பமாக நடந்தார். மூன்றே முக்காலுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சங்கு ஊதி வெடி வைத்தார்கள். காலடியில் தரை ஒரு குலுக்கு குலுங்கியது. சாய்ந்து நின்ற ஒரு கம்பத்தில் இரண்டு கம்பிகள் ஆடி, உரசி, விலகின. சில வினாடி கழித்து அடுத்த வெடி. அதே ஆட்டம், அதே உரசல்.

வெயிலில் நின்றபடி வாய்விட்டுச் சிரித்தார். ஒரே தொய்வு, ஒரே அதிர்வு. அதனால் ஒரே எழுத்து.

மறுநாளே கம்பத்தை நிமிர்த்திக் கம்பியை இழுத்துக் கட்டினார்கள். மூன்று நாள் சுரங்கத்தில் வெடி வெடித்தது. மெஷின் வாய் திறக்கவில்லை. மூன்று நாளும் ரெங்கம்மாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சுரங்கத்துக்கு விடுமுறை. ராசாங்கம் மட்டும் பணியில் இருந்தார். வழக்கம்போல மூன்றரைக்கு வந்த ரெங்கம்மாளிடம் கம்பத்தையும் வெடியையும் பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

"அது அவரு இல்லம்மா. கம்பி ஒண்ணோடொண்ணு உரசுனது."

ரெங்கம்மாள் முழுதாகக் கேட்டுக்கொண்டாள். "சரி தம்பி. இத்தன நாளா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க, நான் பதிலே சொல்லல. ஒரே ஒரு தடவ அடிச்சுடுங்க. நான் நல்லாருக்கேன், நீங்க போயிட்டு வாங்கன்னு."

மறுக்க மனம் வரவில்லை. வெட்டிப் பேச்சு திருச்சிக்குப் போய்விடக் கூடாதே என்று முதலில் மெஷினிலிருந்து லைனைக் கழற்றினார். பிறகு அவள் சொன்னதை ஆங்கில எழுத்தில், தமிழ் ஒலியிலேயே அடித்தார். மெஷின் அடங்கியது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மெஷின் உறுமியது.

ஒரு எஸ். சற்று நேரம் சும்மா ஓடியது. இன்னொரு எஸ்.

கழற்றிய லைன் முனை அவர் கண்ணெதிரே மேசையில் கிடந்தது. எழுந்து துளைபோடும் கருவியின் நாடாவை இழுத்துத் தடவினார். ஒரு ஓட்டைகூட இல்லை. லைனில் எதுவும் வரவில்லை. திரும்பத் திரும்பத் தடவினார். நாடா வழவழவென்று விரலில் வழுக்கிக்கொண்டு போனது.

"கெடச்சுருச்சுபோல" என்றாள் ரெங்கம்மாள். தாளைக் கிழித்துத் தரச் சொல்லி வாங்கி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவள் சிரித்ததை ராசாங்கம் முதன்முதலாகப் பார்த்தார். அதற்கப்புறம் அவள் ஆபீஸுக்கு வரவே இல்லை.

பதிவேட்டில் கம்பம் சாய்வு, சரி செய்யப்பட்டது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெஷினை மூன்று தடவை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. எண்பத்திரண்டில் பெரம்பலூருக்கு மாற்றலாகிப் போனபின், மனைவி குஞ்சம்மாளிடம் மட்டும் இதைச் சொன்னார்.

"பயந்துட்டீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"எழுத்து வந்ததுக்குக்கூட பயப்படல" என்றார் ராசாங்கம். "அது வரும்னு அந்தம்மாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அதான் இன்னும் மனசுல கெடக்குது."