சிக்னல் இல்லாத வளைவில் கலைவாணி

மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் கலைவாணி நான்கு செல்போன்களையும் மடியில் பரப்பிவிடுவார். நான்கும் பழையவை. ஒன்றின் திரையில் குறுக்கே கீறல். இன்னொன்றின் பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் செயலியை முழுதாக மூடுவார். பஸ் திரும்பியதும் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக மறையும். அப்போது, முன்பே வந்து காத்திருக்கும் அறிவிப்பை விரலால் தொடுவார். எந்தப் பெண்ணின் பக்கம் திறக்கிறதோ, அந்தப் பெயரை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார்.

கண்டக்டர் சேட்டு முதல் சில நாள் அவரைப் பழைய செல்போன் விற்கிறவர் என்றே நினைத்திருந்தார். இப்போது கேட்பதற்கு ஒன்றுதான் மிச்சம்: "இன்னாம்மா, மேல போய்ட்டு இதே வண்டியிலதான வர்றே?" கலைவாணி தலையாட்டுவார். ஜமுனாமரத்தூரில் இறங்கி ஒரு டீ குடிப்பார். டிரைவரும் டீ குடித்து முடித்ததும் திரும்பவும் ஏறி அதே ஜன்னலோரம் உட்காருவார். வளைவுகளில் வயிற்றைப் புரட்டும். அதற்காக ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையிலேயே வைத்திருப்பார். முப்பத்தெட்டு வயதுதான். ஆனால் மலையிறங்கி வீட்டுக்குப் போனதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் நீட்டிப் படுத்துவிடுகிறார். அன்றைக்குச் சாப்பாடு கணவரின் கைவண்ணம்.

வேலை திருப்பத்தூரில், மருந்துக் கடைக்கு மேலே இருக்கிற சின்னக் கம்பெனியில். ஐந்து பேர் சேர்ந்து செயலிகள் எழுதுகிறார்கள். அவற்றுள் ஒன்று, மலையில் கர்ப்பிணிப் பெண்களைப் பார்த்துவரும் சுகாதாரப் பணியாளர்களுக்காக ஒரு அறக்கட்டளை கேட்டு வாங்கியது. யாரை உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கீழேயிருந்து குறித்தால், பணியாளரின் செல்போனில் அறிவிப்பு வரும். அதைத் தொட்டால் அந்தப் பெண்ணின் பெயர், ஊர், ரத்த அழுத்தம் எல்லாம் திறக்க வேண்டும். அது சரியாகத் திறக்கிறதா என்று பார்ப்பது கலைவாணியின் பொறுப்பு.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் மலையிலிருந்து ஒரு புகார் வந்தது. அனுப்பியவர் பாஞ்சாலி, பத்து வருஷமாக அந்தக் குக்கிராமங்களை நடந்தே சுற்றுகிறவர். எழுத நேரமில்லாமல் குரலாகப் பேசி அனுப்பியிருந்தார். "மேடம், நோட்டிபிகேசன தொட்டா முன்ன பாத்த ஆளு பேரே வருது. இன்னான்னு கொஞ்சம் பாருங்க." கலைவாணி பார்த்தார். மேஜையில், கம்பெனியின் வைபையில், ஆறு தடவை தொட்டார். ஆறு தடவையும் சரியாகவே வந்தது. அன்றைக்கு இன்னும் பதினோரு புகார்கள் வரிசையில் இருந்தன. "சரிபார்க்கப்பட்டது. இங்கே சரியாக வருகிறது" என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்.

ஐந்து வாரம் கழித்து, நதியா என்ற எட்டு மாதக் கர்ப்பிணியை உடனே பார்க்கச் சொல்லி டாக்டர் குறித்தார். முந்தின நாள் முகாமில் எடுத்த ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பாஞ்சாலி ஜமுனாமரத்தூர் சந்தையில் நின்றபோது அறிவிப்பு வந்து சேர்ந்தது. 'அவசரம், இன்று பார்க்க வேண்டியவர்' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஷேர் ஜீப்பில் ஏறி, பாதை பிரிகிற இடத்தில் இறங்கி, அங்கேதான் அதைத் தொட்டார். அங்கே சிக்னல் கிடையாது. திரையில் கன்னியம்மாள், புளியங்கொல்லை என்று வந்தது. கன்னியம்மாளும் கர்ப்பிணிதான். புகாரைச் சரிபார்த்துவிட்டதாகப் பதில் வந்திருந்ததால் சந்தேகப்படத் தோன்றாமல் பாஞ்சாலி இரண்டு மணி நேரம் ஏறி நடந்தார். கன்னியம்மாள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். போன வாரம்தானே வந்து பார்த்தாய் என்று அவரே கேட்டார்.

நதியாவின் ஊரான மேட்டுக்கொல்லை எதிர்ப்பக்கச் சரிவில் இருக்கிறது. சிக்னல் உள்ள இடத்துக்கு இறங்கி வந்து, சரியான பெயரைப் பார்த்து, பாஞ்சாலி அங்கே போய்ச் சேர்ந்தது மறுநாள் காலையில். கால்கள் வீங்கி, கண் மங்கிக் கிடந்த நதியாவை ஜீப்பில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தை அன்றே பிறந்தது. இருபத்து மூன்று நாள் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்து அனுப்பினார்கள்.

கம்பெனி நடத்தும் இளவழகன், சர்வரிலிருந்து சரியான தகவல்தான் போயிருக்கிறது, ஆதாரம் இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டினார். கலைவாணி பழைய புகார்களின் பட்டியலைத் திறந்து கீழே கீழே தள்ளிக்கொண்டு போனார். தான் எழுதிய அந்த ஒரு வரி அப்படியே இருந்தது. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அன்று மதியச் சாப்பாட்டை வீட்டுக்கே திருப்பி எடுத்துப் போனார்.

சிக்னல் இல்லாத இடத்தில் தொட்டுப் பார்க்க மறு வாரமே பஸ் ஏறினார். முதல் நாலு பயணத்தில் எதுவும் பிடிபடவில்லை. அவர் சோதனைக்கு வைத்திருந்த கற்பனைப் பெண்களெல்லாம் 'டெஸ்ட்', 'டெஸ்ட்', 'டெஸ்ட்' என்றே இருந்தார்கள், ஊரும் ஒன்றே. ஆள் மாறித் திறந்தாலும் எப்படித் தெரியும்? ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பெயரும் ஊரும் மாதமும் வைத்தார். ஐந்தாவது பயணத்தில், அதே மூன்றாவது வளைவில், செல்லம்மாவைத் திறக்கச் சொன்னால் ராணியம்மாள் வந்து நின்றார்.

தூங்கிக்கொண்டிருந்த செயலி விழித்ததும், புதிய பக்கம் வந்து சேரும்வரை சும்மா இருக்க வேண்டாமென்று, கடைசியாகப் பார்த்த பக்கத்தை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. ஊருக்குள் அரை நொடியில் புதியது வந்து பழையதை மறைத்துவிடும், கண்ணுக்கே தெரியாது. மலையில் அந்த அரை நொடி ஒரு பகலாக நீண்டுவிட்டது.

இனிமேல் அறிவிப்போடு பெயரும் ஊரும் சேர்ந்தே செல்போனுக்குள் வந்துவிட வேண்டும். தொட்டால் அவை மட்டும் தெரிய வேண்டும். மற்ற விவரம் வரும்வரை பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும் என்று கலைவாணி மாற்றி எழுதினார். இளவழகனுக்கு அது பிடிக்கவில்லை. வெறும் பக்கத்தைப் பார்த்தால் செயலி வேலை செய்யவில்லை என்று சொல்வார்கள், அழகாகவும் இருக்காது என்றார்.

"தப்பான ஆளக் காட்டறதுக்கு வெத்தா இருக்கறது மேல் சார்" என்றார் கலைவாணி. குரல் உயரவில்லை. அதற்குமேல் வாதாட அவரிடம் தெம்பும் இல்லை. லேப்டாப்பை மூடாமல் நாற்காலியிலேயே இருந்தார். இளவழகன் அந்த வெறும் பக்கத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, சரி, அனுப்பிவிடுங்கள் என்றார்.

அனுப்பி ஏழு மாதம் ஆகிறது. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸை அவர் விடவில்லை. செல்போன் கம்பெனிக்காரர்கள் எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மாற்றும்போதெல்லாம் எங்காவது ஒன்று இடறுகிறது. ஓய்ந்து உட்காரலாம் என்கிற வேலை இல்லை இது.

போன மாதம் ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தில் முதல் முறையாகப் பாஞ்சாலியைப் பார்த்தார். வெயிலில் வந்த களைப்போடு பாஞ்சாலி ஒரு கடையின் படியில் உட்கார்ந்திருந்தார். கலைவாணி பக்கத்தில் உட்கார்ந்து, தான் யார் என்று சொன்னார். பிறகு சொன்னார்: "உங்க கம்ப்ளைன்ட்ட மூடினது நான்தாங்க்கா."

"தெரியும்மா" என்றார் பாஞ்சாலி. "பதிலுக்குக் கீழ உம் பேரு போட்டிருந்துச்சே."

அதில் கோபம் இல்லை. மன்னிப்பும் இல்லை. நதியாவின் பிள்ளை இப்போது தவழ்கிறது என்று பாஞ்சாலி தானாகவே சொன்னார்; கொஞ்சம் எடை குறைவுதான் என்றும் சொன்னார்.

அப்போது பாஞ்சாலியின் செல்போன் ஒலித்தது. அவர் அறிவிப்பைத் தொட்டார். வெறும் பக்கத்தின் தலையில் ஒரு பெயரும் ஊரும் மட்டும் வந்தன. கீழே 'விவரம் இன்னும் வரவில்லை' என்று ஒரு வரி. கலைவாணியும் எட்டிப் பார்த்தார். சில நொடிகளில் மற்ற விவரமும் வந்து நிரம்பியது, சரியான பெண்தான். பாஞ்சாலி அதை வாசித்தார். பிறகு பையிலிருந்து நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கங்களைப் புரட்டி, அந்தப் பெயர் இருக்கிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் திரையோடு ஒத்துப் பார்த்தார். ஊரின் பேரை வாய்விட்டு இரண்டு தரம் படித்தார். பக்கத்தில் குறி போடப் போனபோது பேனா எழுதவில்லை, உதறிப் பார்த்தார்.

கலைவாணி தன் பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.