எங்கட ஆள் நிறுத்தியிருக்க வேண்டுமா?

எங்கள் கூட்டத்தில் யாரும் அவருடைய பெயரைச் சொல்வதில்லை. "எங்கட ஆள்" என்றால் போதும். அமெரிக்க ஃபுட்போலில் அவர் குவாட்டர்பாக். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். ஒரு காலத்தில் அவர் எறிந்த பந்து, ஓடுகிறவன் திரும்பிப் பார்க்க முதலே அவன் கைக்குள் போய் விழும். பிறகு வேறொரு நகரத்து அணிக்குப் போய், கடைசி இரண்டு பருவங்களும் பந்தைக் குறுக்காலும் நெடுக்காலும் எறிந்து, எங்களுக்குத் தொலைக்காட்சியை நிமிர்ந்து பார்க்க ஏலாமல் செய்தார். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். எங்கள் சண்டைதான் இன்னும் ஓய்வுபெறவில்லை.

நாங்கள் ஊரைவிட்டுப் புலம்பெயர்ந்து வந்த ஏழெட்டுக் குடும்பம். ஆண்டுதோறும் இறுதியாட்ட ஞாயிறன்று நாங்கள் குடியிருக்கும் மல்வேர்னில், ஓர் அண்ணையின் வீட்டு நிலவறையில், எங்கள் பேச்சில் பேஸ்மென்ரில், கூடுவோம். ஆட்டம் தொடங்க முன்னர் பட்டிமன்றம். ஊர்ச் சங்க விழாக்களில் நடுவராக இருந்து பழகிய அண்ணைக்கு, ஃபுட்போல் பார்க்க வந்தவர்களையும் இரண்டு அணியாகப் பிரித்து இருத்தாவிட்டால் சரிவராது. போன வருடம் எங்கட ஆளின் புகழைப் பற்றிய வாதம் முற்றி, ஒருவர் தான் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸ் தட்டையும் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதனால் இந்த வருடம் அண்ணை ஒரு புது விதி வைத்திருந்தார்: எல்லோரும் தங்கள் சொந்தக் கருத்துக்கு எதிர்ப்பக்கம்தான் பேசவேண்டும்.

அன்று என்னுடன் மகளும் வந்திருந்தாள். மனைவிக்கு வைத்தியசாலையில் வேலை. மகளைத் தனியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளையை வீட்டில் விட ஏன் பயம் என்று கேட்பீர்கள்.

அவளும் குவாட்டர்பாக்தான். பாடசாலைப் பெண்கள் அணியில் ஃப்ளாக் ஃபுட்போல் ஆடுகிறாள். அதில் ஆளை விழுத்தக்கூடாது, இடுப்பில் தொங்கும் துணிப்பட்டியை இழுத்தெடுத்தால் போதும். ஆபத்தில்லாத விளையாட்டு என்று நம்பித்தான் எறியப் பழக்கினேன். போன இலையுதிர் காலத்தில், பட்டியை இழுக்க ஓடிவந்த பிள்ளையின் தலையும் இவளின் தலையும் மோதின. விழுந்தவள் எழும்பி, பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். பயிற்றுநர் கேட்டதற்கும் "ஐ'ம் ஓகே" என்றாள். அடுத்த பந்தை, அவள் அணியில் ஒருவருமே இல்லாத பக்கம் எறிந்தாள். பிறகு புல்லில் மெதுவாக உட்கார்ந்தாள்.

மூளை குலுங்கியிருக்கிறது என்றார் வைத்தியர். வெளிச்சம் படக்கூடாதென்று கிழமைக்கணக்கில் அவள் அறையில் திரைச்சீலை மூடியபடி இருந்தது. தை மாதம் வைத்தியர், பூரண சுகம், இனி விளையாடலாம் என்றார். நான்தான் ஓம் என்று சொல்லவில்லை. "நீங்கள்தானே பழக்கினது, நீங்களே சொல்லுங்கோ" என்று மனைவி ஒதுங்கிவிட்டாள். மகள் இரண்டு தடவை கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். வீட்டில் சிரிப்பதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். எனக்கோ, பாடசாலை இலக்கம் கைபேசியில் தெரிந்தால் இன்றைக்கும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத்தான் எடுக்க வரும்.

அண்ணை கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு தலைப்பை அறிவித்தார். "எங்கட ஆள் அந்தக் கடைசி ரெண்டு வருஷமும் விளையாடினது சரியோ, நேரத்தோட நிப்பாட்டியிருக்க வேணுமோ? பிள்ளை, நீ என்ன நினைக்கிறாய்?"

மூலையில் புத்தகத்துடன் இருந்த மகள் என்னைப் பார்க்காமல் எனக்கே சொன்னாள். "விளையாடினது சரி, அங்கிள். அவரை ஒருத்தரும் மறிச்சிருக்கக் கூடாது."

"அப்ப நீ மற்றப் பக்கம். தம்பி, நீர்?"

"நிப்பாட்டியிருக்க வேணும், அண்ணை."

"அப்ப நீர் விளையாடினது சரி எண்டு பேசும்."

எங்கள் வீட்டு விஷயம் எல்லோருக்கும் தெரியும். பேஸ்மென்ர் முழுக்கச் சிரித்தது. "அப்பனுக்கும் மகளுக்கும் நேரடி மோதல்! ஃபைனல் இனி என்னத்துக்கு, ரீவியை நிப்பாட்டுங்கோ!" என்றார் ரோல்ஸ் தட்டு அண்ணர். இந்த வருடமும் தட்டுடன்தான் வந்திருந்தார்.

நான் எழும்பினேன். "நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் என் அருமை மகளே" என்று தொடங்கியதும் கைதட்டு. முதலில் விளையாட்டாகத்தான் பேசினேன். எங்கட ஆளின் பழைய வெற்றிகளை அடுக்கினேன். அவை தீர்ந்துபோயின. பிறகு வாய் தன்பாட்டில் ஓடியது.

"தோக்கப் போறம் எண்டு தெரிஞ்சும் அந்த மனிசன் ஒவ்வொரு ஞாயிறும் ஓடி வந்தது ஏன்? பந்து கையை விட்டுப் போகேக்க அவற்ர முகத்தைப் பாத்திருக்கிறியளோ? நான் அந்த முகத்தைக் கிட்ட நிண்டு பாத்திருக்கிறன். பள்ளிக்கூட மைதானத்தில. அந்த முகத்தை ஒராளிட்ட இருந்து பறிக்க ஆருக்கு உரிமை இருக்கு? சோஃபாவில இருந்து ரோல்ஸ் சாப்பிடுற எங்களுக்கோ?"

"ரோல்ஸை இழுக்காதையும்!" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவசரமாக உட்கார்ந்துவிட்டேன்.

அவள் எழும்பினாள். "நடுவர் அங்கிள்" என்றதற்கே கைதட்டு.

"எங்கட ஆள் த்ரோ பண்ண முன்னம் பந்தைக் கனநேரம் கையில வச்சிருந்தார். லாஸ்ட் ரெண்டு சீசனும் பாருங்கோ. ஏனெண்டா ஷோல்டர் நோகும். கோச்சுக்குச் சொல்லேல்ல, டீமுக்கும் சொல்லேல்ல. ரிட்டையர் பண்ணினாப் பிறகு இன்ரவியூவிலதான் சொன்னவர். பந்தைப் பிடிக்கிற ரிசீவர்ஸ் எல்லாரும் தங்கட பிழை எண்டு நினைச்சிருப்பினம். நோகுதெண்டு சொல்லாம விளையாடினா அது பிரேவ் இல்லை, அங்கிள். லையிங், பொய். சொல்ல ஏலாதெண்டா நிப்பாட்டத்தான் வேணும்." என்னை ஒருதரம் பார்த்தாள். "எனக்குத் தெரியும். நானும் ஐ'ம் ஓகே எண்டு சொன்னனான். ஓகே இல்லை."

ரோல்ஸ் தட்டு அண்ணர் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் திருப்பி வைத்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைத் தாங்கமாட்டாமல் அவள் உடனே என் பக்கம் கை நீட்டினாள். "மற்றது, எதிரணித் தலைவர் கடைசியில ஃபேஸைப் பற்றி மட்டும்தான் கதைச்சவர். ஒரு நம்பர், ஒரு ஸ்டற்ஸ்கூட சொல்லேல்ல. வெரி வீக் ஆர்கியுமென்ற்!"

கூரை பறந்துவிடும் போலச் சத்தம். எங்கள் நடுவர் வழக்கமாக இரண்டு பக்கமும் வென்றதாகச் சொல்லித் தப்பிவிடுவார். அன்று மேசையில் தட்டி, "எங்கட ஆள் நிப்பாட்டியிருக்க வேணும். பிள்ளை வெண்டிட்டாள்!" என்றார். மகள் துள்ளிக் குதித்து, ரோல்ஸ் தட்டு அண்ணரின் கையில் அடித்து, என்னைச் சுற்றி ஒரு வட்டம் ஓடினாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம். தோற்றுப்போன நான் இளித்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டத்தின் இடைவேளையில் காரிலிருந்து சோடாப் போத்தல்கள் எடுக்க இருவரும் வெளியே போனோம். பனியில் நின்று அவள் கேட்டாள்.

"அப்பா, நீங்க சொன்னது நடுவருக்காகவோ, உண்மையாவோ?"

"தொடங்கேக்க நடுவருக்காக."

"பிறகு?"

"பிரக்டிஸ் எப்ப?"

அவள் கையிலிருந்த போத்தல் பனிக்குள் விழுந்தது. "செவ்வாய்க்கிழமை. ஸ்கூல் ஜிம்மில. ஆனா நீங்க வரக்கூடாது."

"வருவன்."

"வந்தா வாய் திறக்கக்கூடாது."

"நீ திறக்கவேணும். சின்னதா ஒண்டெண்டாலும் உடன சொல்லவேணும். எனக்கில்லாட்டி கோச்சுக்கு."

"டீல்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஜிம்மின் வாசலோரம் நின்றேன். ஜாக்கெற்றைக் கழற்றவும் தோன்றவில்லை. அவள் எறிந்த முதல் பந்து சுவரில் பட்டது. அடுத்தது ஒரு பிள்ளையின் கைக்குப் போனது. அந்த முகம் திரும்பி வந்துவிட்டது. நான் மூச்சு விடப் பழகிக்கொண்டிருந்த நேரம், அவள் சட்டென்று கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நான் வாசலை விட்டு உள்ளே ஓரடி வைத்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைத் தேடினாள். பிறகு காலைத் தூக்கிக் காட்டி, ஜிம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். "அப்பா! சப்பாத்து நூல் கழண்டிட்டுது!"

என்ன மொழி என்று விளங்காமலே அவள் அணி முழுவதும் சிரித்தது. நான் பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். நானும் ஓகே இல்லை என்பது அவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் பரவாயில்லை.