அலாரம் அடிச்சுதா?

இடுப்பால் ஓர் இடி. தெருவோரம் மோட்டார் சைக்கிள் நின்றால் போதும், அதைக் கடந்து போகும்போது அவருடைய இடுப்பு சும்மா இருக்காது. இடி வாங்கிய வண்டி குய்யோ முறையோ என்று கத்தினால், பரீட்சையில் தேறிய பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடப்பார். கத்தாமல் நின்றால் நாக்கைச் சப்புக்கொட்டி, "அநாதை" என்பார். அலுவலகத்திலிருந்து சாப்பாட்டுக் கடைக்கு இருநூறு அடி. அதற்குள் முப்பது வண்டிகளையாவது கதற வைத்துவிட்டுத்தான் இலை முன்னால் உட்காருவார். அந்தத் தெரு நாய்கள் பகல் ஒரு மணி ஆனதும் தாமாகவே அடுத்த தெருவுக்குக் குடிபெயர்ந்துவிடுகின்றன என்று கேள்வி.

வாகனக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் திருட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் உத்தியோகம். வண்டியைக் காணோம் என்று ஒருவர் வந்து நின்றால், அது தொலைந்ததா, தொலைத்ததா, தொலைந்தமாதிரி மாமியார் வீட்டுக் கொல்லையில் நிற்கிறதா என்று குடைய வேண்டியது அவர் பொறுப்பு. பதினான்கு வருஷமாகக் குடைகிறார். எதிரே உட்காருபவர் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் அவரிடமிருந்து முதல் கேள்வி வந்துவிடும்: "அலாரம் அடிச்சுதா?" பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. அலுவலகத்துக்கு அவர் 'அடிச்சுதா சார்'. வீட்டிலும் அந்தப் புகழ் பரவி, அடுப்படியிலிருந்து மனைவி, "என்னங்க, குக்கர் எத்தனை அடிச்சுது? விசாரணை பண்ணிச் சொல்லுங்க" என்று குரல் கொடுப்பார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சங்கதி உண்டு. வண்டியில் அலாரம் பொருத்திக்கொண்டால் பிரீமியத்தில் கொஞ்சம் தள்ளுபடி தருகிறது நிறுவனம். இருக்கைக்கு அடியில் கையடக்கமான ஒரு பெட்டி. பெட்ரோல் டாங்கின் மேல் வட்டமாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். தள்ளுபடி என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஊரில் பாதி வண்டிகள் பொட்டு வைத்துக்கொண்டு திரிகின்றன. ஆனால் தள்ளுபடி எழுதிய தாளின் அடியில், எறும்புக்கு மட்டும் படிக்கத் தெரிந்த எழுத்தில், அலாரம் எந்நேரமும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர் கட்டிய பொறி இருக்கிறதே, அதற்குள் போன எலி திரும்பியதில்லை. "அலாரம் அடிக்கலை சார்" என்றால், அணைத்து வைத்திருக்கிறீர்கள், நிபந்தனையை மீறிவிட்டீர்கள், போய்வாருங்கள். "அடிச்சுது சார்" என்றால், அடித்தும் தெருவில் ஒரு ஆள்கூட எட்டிப் பார்க்கவில்லையா என்பார். இல்லை என்று பதில் வரும். உடனே பேனா மூடி திறக்கும். 'மக்கள் நடமாட்டம் உள்ள இடத்தில் அலாரம் ஒலித்தும் ஒருவரும் தடுக்கவில்லை என்பது நம்பத்தக்கதன்று.' அந்தக் கடைசிச் சொல்லை எழுதும்போது மட்டும் அவர் கையெழுத்து அச்சுப்போல் அழகாகிவிடும்.

கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் உண்மையாகவே நம்பினார். மனிதன் என்றால் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்ப்பான், திருடன் என்றால் சத்தம் கேட்டதும் ஓடுவான். மற்றக் கருவிகள்மேல் அவருக்கு மதிப்பில்லை. வண்டியைச் சங்கிலியால் கம்பத்தோடு கட்டுபவர்களைக் கண்டால், "வண்டியா வச்சிருக்கீங்க, யானையா?" என்பார். முன்சக்கரப் பூட்டைக் கழற்ற மறந்து கிளம்பி, தெருவில் மூக்கு உடைத்துக்கொண்டவர்களின் பட்டியல் அவரிடம் உண்டு. வண்டி இருக்கும் இடத்தைக் கைபேசியில் காட்டும் கருவி பற்றிக் கேட்டால், "இடம் காட்டும் சரி. போய்க் கேக்கறது யாரு, நீங்களா?" அவருடைய வண்டியிலும் பெட்டியும் பொட்டும் மட்டுந்தான்.

போன வாரம் அவர் எதிரே வந்து உட்கார்ந்தவர், வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் ஓர் அம்மா. ஐஸ் பெட்டி கட்டுவதற்காகவே தம்பியிடமிருந்து வாங்கிய மோட்டார் சைக்கிள். காலை ஏழு மணிக்கு ஓர் அடுக்குமாடி வீட்டின் வாசலிலிருந்து அதை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அன்றுமுதல் நடை. எடுத்த ரத்தம் ஆய்வுக்கூடம் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடுகிறது. மாதக் கடைசிக்குள் வண்டி இல்லையென்றால் அவருடைய தெருக்களை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக ஆய்வுக்கூடத்தார் சொல்லிவிட்டார்கள்.

"அலாரம் அடிச்சுதா?"

"அடிச்சுது சார். மூணாவது மாடியில எனக்கே கேட்டுச்சு."

"கேட்டும் நீங்க இறங்கி வரலை."

"ஊசி தாத்தா கையில இருந்துச்சு சார். பாதியில உருவிட்டு ஓடவா? அவருக்கு நரம்பு கிடைச்சதே பெரிய விஷயம்."

"சரிம்மா. கீழே ஆள் யாரும் இல்லையா?"

"எல்லாரும் இருந்தாங்க. பால் வாங்க வந்தவங்க, பிள்ளையைப் பள்ளிக்கூட வேன்ல ஏத்த வந்தவங்க, எல்லாரும்."

"ஒருத்தர்கூடத் தடுக்கலை?"

"இல்ல சார்."

பேனா மூடி திறந்தது. அந்த அம்மா தாளைத் தலைகீழாகவே படித்துவிட்டார். ரத்தம் பிடித்த சோதனைக் குழாய்களில் ஒட்டிய பெயர்களை எல்லாப் பக்கமிருந்தும் படித்துப் பழகிய கண். "நீங்க நம்பாட்டி போகட்டும் சார். ஆனா நம்ப முடியாதுன்னு எழுதாதீங்க. எழுதிட்டா நான் பொய்க்காரி ஆயிடுவேன்."

"நீங்களே யோசிச்சுப் பாருங்கம்மா, நடக்கிற காரியமா இது?" என்று சிரித்தபடி அவர் எழுதி முடித்தார். அந்த அம்மா மாலை வந்து கடிதம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டு அடிச்சுதா சார் பல் வைத்தியரிடம் போனார். கடைவாய்ப் பல் பிடுங்குவதற்காக வைத்தியர் குத்திய ஊசியில் வலப்பக்கக் கன்னம், உதடு, நாக்கு மூன்றும் செத்துவிட்டன. வாயில் பஞ்சோடு வெளியே வந்தவர், வாசலில் வரிசையாக நின்ற வண்டிகளில் மஞ்சள் பொட்டு வைத்த கறுப்பு வண்டியில் சாவியை நுழைத்தார். சாவி போயிற்று, திரும்பவில்லை. சற்று அழுத்தியதுதான் தாமதம், வண்டி ஊரைக் கூட்டியது.

ரிமோட்டை அமுக்கினார். அடங்கவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார். வைத்தியசாலைக் காவலாளி ஓடி வந்ததும், தன் வண்டிதான் என்று சொல்ல வாயைத் திறந்தார். வந்தது "எழ் வழ்ழி" என்பதுதான். அதைச் செவ்வாய்க் கிரகத்து மொழியென்று சொன்னாலும் நம்பலாம்.

"சாவி மாட்டிக்கிச்சா சார்? இருங்க, நான் ஹேண்டிலைப் பிடிச்சுக்கிறேன்" என்றார் காவலாளி.

எதிரே இரும்புக்கடை. கடைக்காரர் காதைப் பொத்தியபடியே வந்தார். "சாவியை வச்சுக் குடைஞ்சா ஆகாது சார்" என்று உள்ளே போய், பெரிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் கூடவே ஒரு சுத்தியலும் கொண்டுவந்தார். தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு நின்ற ஓர் இளம் தாய், "சீக்கிரம் உடைங்க சார், இப்பதான் கண் அசந்தான்" என்று அவசரப்படுத்தினார். மூன்று அடியில் பூட்டு தெறித்தது. காவலாளி ஹேண்டிலைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்க, அதன் பூட்டும் மளுக்கென்றது. இருக்கைக்கு அடியில் கையை விட்டு மஞ்சள் ஒயரைப் பிடுங்கியவர் இரும்புக்கடைக்காரர். "என் வண்டியிலயும் இதே சனியன்தான்" என்றார். சத்தம் நின்றதும் தெருவே பெருமூச்சு விட்டது. யாரோ கைகூடத் தட்டினார்கள். அடிச்சுதா சார் செத்த உதட்டால் ஒரு பக்கமாகச் சிரித்து, கும்பிடு போட்டு, வண்டியை உதைத்துக் கிளம்பினார். நல்ல ஜனங்கள் என்று வழியெல்லாம் மனம் குளிர்ந்தது.

வழக்கமான மெக்கானிக், பூட்டு இருந்த இடத்து ஓட்டையைப் பார்த்தான். பிறகு வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"அண்ணே, யாரு வண்டி இது?"

"எழ்ழுதாம்ப்பா."

"உங்க வண்டிக்கு கிக்கர் கோணலா இருக்கும்ணே. நான்தானே வளைச்சேன். நம்பர் ஏழுல முடியும். இது நாலு." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "என்னண்ணே, சம்பளம் பத்தலையா?"

அடிச்சுதா சார் பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். கன்னம் மரத்திருந்ததால் எச்சில் வழிவதுகூடத் தெரியவில்லை. பட்டப்பகலில், பதினோரு மணிக்கு, அடுத்தவன் வண்டியின் பூட்டைச் சுத்தியலால் உடைத்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அது ஓர் இடி. அதைவிடப் பெரிய இடி, இரண்டு நிமிஷம் கழித்து விழுந்தது. அலாரம் அடித்தது. தெரு முழுக்க ஆள் இருந்தது. 'இது உங்க வண்டியா' என்ற மூன்று சொல்லை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"யாழுமே கேக்கலைப்பா," என்றார் மெக்கானிக்கிடம். "ஒழுத்தர்கூட."

திரும்பிப் போகும்போது சாலையில் நின்ற ஒவ்வொரு போலீஸ்காரரும் தனக்காகவே நிற்பதாகப் பட்டது. பல் வைத்தியசாலை வாசலில், புதிதாகக் கட்டிய பல்லோடு வண்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். தையல் இயந்திரம் பழுதுபார்க்கிறவர். கருவிப்பை தோளில் தொங்கியது.

"அதோ உங்க வண்டி வந்துடுச்சு சார்!" என்றார் காவலாளி, தானே வரவழைத்துத் தந்ததுபோல.

அடிச்சுதா சார் இறங்கி, பஞ்சைத் துப்பி, இரண்டு கையையும் கூப்பினார். தன் வண்டி என்று நினைத்து உடைத்ததையும், பூட்டு, ஒயர் எல்லாம் தானே மாற்றித் தருவதாகவும் சொன்னார். பாதி புரிந்தது. மீதியைச் சைகையில் சொன்னார். இரண்டு வண்டி தள்ளி மரத்தடியில் இருந்த இன்னொரு கறுப்பு வண்டியை நோக்கி அவர் ரிமோட்டை அமுக்க, அது 'குயிக்' என்று பிள்ளைபோல் பதில் கொடுத்தது. அதைக் கேட்டபிறகுதான் வண்டிக்காரரின் கோபம் அவரைவிட்டு விலகிக் காவலாளிமேல் பாய்ந்தது.

"ஏங்க, அலாரம் அடிக்கலையா?"

"அடிச்சுது சார். காதே போச்சு."

"அப்புறம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

இரும்புக்கடைக்காரர் நியாயம் சொல்ல வந்தார். "திருடன்னா சத்தமில்லாம வருவான் சார். இவர் அவ்வளவு சத்தத்தோட எடுக்கவும், சொந்தக்காரர்தான்னு நினைச்சோம். அதுவும் பெட்டி கத்த ஆரம்பிச்சா முதல்ல அது நிக்கணும்னுதானே இருக்கு? யாரு வண்டியா இருந்தா என்ன?"

அடிச்சுதா சார் அந்த இடத்திலேயே நடைபாதையில் உட்கார்ந்தார். பதினான்கு வருஷத்தில் தன் எதிரே உட்கார்ந்து 'அடிச்சுது சார், யாரும் வரலை' என்று சொன்ன முகங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பால்காரர் ஒருவர். மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் வண்டியைப் பறிகொடுத்தவர் ஒருவர். சத்தியம் செய்கிறேன் என்று மேஜையில் அடித்து அழுதவர் ஒருவர். எல்லாரும் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள்.

நான்கு மணிக்கு அலுவலகம் வந்து, ரத்தம் எடுக்கும் அம்மாவின் அறிக்கையைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார். அலாரம் ஒலித்தும் ஒருவரும் தடுக்காமல் இருப்பது நடக்கக்கூடியதே என்றும், அதற்குத் தாமே சாட்சி என்றும், இன்று காலை பதினோரு மணிக்கு மூன்று பேர் உதவியோடு தாம் ஒரு வண்டியைத் திருடியதாகவும், கோரிக்கையை ஏற்கலாம் என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். மேலாளர் அம்மா படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"என்ன சார் இது, சட்டையைக் கழட்டிக்கிட்டுத் தெருவில நிக்கிற மாதிரி?"

"நடந்ததும்மா." நாக்கு அப்போதுதான் உயிர்பெற்றுக்கொண்டிருந்தது.

"நடந்தது இருக்கட்டும். தாள்ல எதுக்கு? இதைப் படிச்சா தலைமை அலுவலகம் உங்களை வீட்டுக்கு அனுப்பும். அதோட நிக்குமா? நீங்க தள்ளின பழைய ஃபைல் ஒவ்வொண்ணும் எந்திரிச்சு வந்து நிக்கும். எத்தனை இருக்கும்?"

"இரும்பு பீரோல ரெண்டு தட்டு."

"பாத்தீங்களா? நல்லவேளை, இன்னும் பதிவு நம்பர் விழலை. விழுந்துட்டா அப்புறம் நானே நினைச்சாலும் எடுக்க முடியாது. கிழிச்சுப் போடுங்க. அந்த அம்மாவுக்கு வேற ஏதாவது வழி பண்ணலாம்."

"என்ன வழிம்மா?"

மேலாளர் அம்மா ஜன்னலைப் பார்த்தார். கீழே வாசலில் ரத்தம் எடுக்கும் அம்மா வந்து, ஐஸ் பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அடிச்சுதா சார் தாளை எடுத்துக்கொண்டு பதிவு எழுத்தரின் மேஜைக்கு நடந்தார். "சார், யோசிங்க" என்று பின்னாலேயே குரல் வந்தது. எழுத்தர் பதிவு நம்பர் முத்திரையைக் கையில் பிடித்தபடி, அடிக்கவா வேண்டாமா என்று மேலாளர் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அடிச்சுதா சார் எழுத்தரின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி முத்திரையை வாங்கி, மையில் இரண்டு முறை ஒற்றி, தன் கையாலேயே ஓங்கிக் குத்தினார்.