பிஸ்மத் பூசிய சஹன்

இன்று பாலமுனையில் என் மூத்த சகோதரி ராத்தா வீட்டில் பகல் சாப்பாடு.

எல்லாரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். நாலைந்து பேர் கூடி உண்ணும் பெரிய தட்டு; மெலமைன் சஹன். நான் சூளையில் சுட்டுக் கொடுத்த பீங்கான் சஹன், ஷோகேஸுக்குள் சாய்ந்து நின்றது.

"ராத்தா, அதுல சோறு போடல்லியா?"

"அதுலயா? உடைஞ்சா பொறகு ஆருகா செஞ்சி தாற?"

பீங்கான் மேற்பூச்சின் மினுக்கத்துக்கு ஈயம் சேர்த்திருந்தால் என் வேலை சுகமாக முடிந்திருக்கும். சோறு உண்ணும் பாத்திரத்தில் ஈயம் கூடாதென்றுதான் பிஸ்மத் என்ற உலோகத்தைத் தேடிப் பிடித்தேன். முதலில் சுட்டவை கறுத்துப் போயின. பிறகுதான் சிப்பியின் உட்புறம் போல ஒரு மினுக்கம் வந்தது.

"ஈயமே இல்ல ராத்தா, பயமில்லாமத் தின்னலாம் எண்டுதானே செஞ்சேன்."

"ஓம்கா, வாற ஆக்களுக்கெல்லாம் அதச் சொல்லித்தானே காட்டுறன்!"

மெலமைன் சஹனிலிருந்து அடுத்த பிடியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தேன். பிஸ்மத் பூசி நான் முதன்முதலில் செய்த கோப்பை என் ஷோகேஸில் இருக்கிறது. அதில் ஒரு நாளாவது தேத்தண்ணி ஊற்றிக் குடித்ததில்லை. அதை எடுக்கக் கை போனது. உடைந்துவிட்டால் என்று பயந்து கதவைச் சாத்திவிட்டேன்.

உங்கள் ஷோகேஸில் எது பட்டினி கிடக்கிறது?