பாதையைத் திறந்து வைத்த சேர்மன்

உதுமாலெவ்வை சேர்மன் மௌத்தான செய்தி பள்ளிவாசல் பலகையில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்றவர், "காக்கா, வாசிச்சுச் சொல்லட்டா?" என்றார். "வேணாம், நானே வாசிக்கன்" என்றேன். முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவருடைய பெயரை நானே வாசித்தது அதுதான் முதல் தடவை. இறந்தவருக்காக "இன்னாலில்லாஹி" சொல்லிவிட்டு இன்னொரு தடவை வாசித்தேன்.

எழுபதுகளின் கடைசியில் அவர் எங்கள் கிராம சபைக்குத் தலைவர். நான் கரைவலை இழுக்கும் மீனவர் அனுப்பிய உறுப்பினர். ஒருமுறை கொழும்புக்குப் போய்ப் பாராளுமன்றத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், அதன் பிறகு சபாநாயகரைப் பற்றிச் சொல்லாமல் ஒரு கூட்டத்தையும் முடித்ததில்லை. "ஆகக் குறையக் கதைக்கிற ஆள்தான் சபாநாயகர்" என்பார். இங்கிலாந்தில் அந்தக் காலத்துச் சபாநாயகர் சபையின் சொல்லை மன்னரிடம் கொண்டுபோக வேண்டும். மன்னருக்குக் கோபம் வந்தால் கொண்டுபோனவரின் தலை போகும். அதனால் தெரிவானவரைக் கதிரையில் உட்காரவைக்க இழுத்துக்கொண்டுதான் போவார்களாம். "எங்கட சேர்மன இழுக்கத் தேவல்ல, எழுப்பத்தான் ஏலாது" என்று நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

அவருடைய மனைவியின் தம்பி மீராசாகிபு, தன் தென்னந்தோட்டத்துக்குள்ளால் கடற்கரைக்குப் போகும் பாதையை அடைக்கச் சபையிடம் கேட்டார். அடைத்தால் நாங்கள் வலையைச் சுமந்துகொண்டு ஊரைச் சுற்ற வேண்டும். அதுவரை மீன் எங்களுக்காகக் கரையில் நிற்குமா? அதைச் சொல்ல எழுந்தேன். ஒருவர், "பிரேரணைய வாசிக்கத் தெரியாத ஆளுக்கு இதுல என்ன கதை?" என்றார்.

சேர்மன் மேசையில் தட்டினார். "அவர் முடிக்கட்டும்."

முடித்தேன். வாக்கெடுத்தபோது நாலுக்கு நாலு. இனிச் சேர்மனின் வாக்குத்தான். சன்னலுக்கு வெளியே நின்ற மீராசாகிபு சத்தமாகக் கேட்டார்: "மச்சான், இண்டைக்குப் பகல் சோறு எங்கட ராத்தாட ஊட்டதானே?"

ராத்தா என்றது அவருடைய அக்காவை, சேர்மனின் மனைவியை. கலியாணம் முடித்தவர் மனைவி வீட்டில் இருப்பதுதானே எங்கள் ஊர் வழக்கம். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சேர்மன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "இந்தக் கதிரையில இரிக்கக்குள்ள எனக்கு மச்சான் இல்ல. ரெண்டு பக்கமும் சமனா வந்தா சபாநாயகர் புதுசா ஒண்டும் செய்யமாட்டார். இருந்தத இருந்தபடி விடுவார். அதுதான் பழைய முறை. பாதை திறந்தே கிடக்கும்."

பிறகு சன்னல் பக்கம் திரும்பினார். "ஓம் மச்சான், சோத்துக்கு வாறன். அந்தப் பாதையாலதான் வாறன்."

நாங்கள் போட்ட கூச்சல் கடலுக்கே கேட்டிருக்கும்!

மௌத்தான அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவருடைய ஜனாஸாவும் அந்தப் பாதையால்தான் அடக்கம் செய்யக் கடற்கரை மையவாடிக்குப் போனது. சந்தூக்குப் பெட்டியை முன்னால் ஒரு பக்கம் மீராசாகிபு சுமந்தார், மறுபக்கம் நான். "காக்கா, நல்ல வேளை அண்டைக்கு நான் தோத்தன்" என்றார்.

இப்போது மீனவர் சங்கக் கூட்டங்களுக்கு நான்தான் தலைவர். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இரண்டே சொல்: "அவர் முடிக்கட்டும்." கதைக்கிறவரை யாராவது மறித்தால் அதைச் சொல்கிறேன், கூட்டம் அடங்கிவிடுகிறது.

அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுத எனக்கு நாலு நாள் எடுத்தது. ஒருவரும் மறிக்கவில்லை. முடித்துவிட்டேன், சேர்மன்.