பேஸ் சத்தம் யாருக்காவது கேட்டதா?

ஹார்ட் ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பது என்றால், நான்கு பேர் சேர்ந்து போடும் சத்தத்தில் யார் காதிலும் விழாத சத்தத்துக்குப் பொறுப்பேற்பது. தடித்த கம்பியில் விரல் தேய்ந்த சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். மஸ்கட்டில் இருக்கும் அக்கா கணவர் எனக்கு ஸ்டோர்கீப்பர் விசா ஏற்பாடு செய்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். இந்தத் திருவிழாக் காலத்தில் ஒரே ஒருவராவது என் சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னால் இங்கேயே இருப்பது, இல்லாவிட்டால் விமானம் ஏறுவது என்று முடிவு செய்தேன். மற்ற எதிலும் எனக்குத் தெளிவில்லை.

கோளாம்பி

தக்கலை பக்கம் ஒரு கோயில் திருவிழா. எங்களை ஏன் கூப்பிட்டார்கள் என்று எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஒலிபெருக்கி என்று தென்னையில் புனல் மாதிரி இரண்டு கோளாம்பி கட்டியிருந்தார்கள்.

ஐந்து பாட்டை வியர்க்க விறுவிறுக்க வாசித்த பிறகுதான், என் வயர் மேடைக்குக் கீழே சும்மா கிடப்பதைப் பார்த்தேன். தடித்த சத்தம் போனால் கோளாம்பி கிழிந்துவிடும் என்று மைக் செட் அண்ணாச்சி ஆரம்பத்திலேயே பிடுங்கிவிட்டாராம். அத்தனை நேரமும் எனக்கே அது தெரியவில்லை. அண்ணாச்சி என் தோளைத் தட்டினார்.

"நீ பாட்டுக்கு வாசி மக்கா. ஒனக்க சத்தம் இல்லேன்னு ஒருத்தனும் வந்து கேக்கல்லல்லா!"

அம்மா அழுதது

நெய்யூரில் ஒரு கல்யாண வரவேற்பு. அம்மா முன்வரிசை நாற்காலியில் இருந்தாள். கடைசிப் பாட்டில் எங்கள் ஜெபின், லீட் கிட்டாரைக் கீச்சென்று இழுத்து இழுத்து ஐந்து நிமிடம் வாசித்தான். நான் பின்னால் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இறங்கி வந்தால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விசாவை மறந்தேபோனேன். "நான் வாசிச்சது கேட்டுதாம்மா?" என்றேன்.

"கேக்காம பின்ன? கடைசியில கீச்சுன்னு ஒண்ணு இழுத்தியே, அதுல எனக்கக் கண்ணு நெறஞ்சு போச்சு மக்கா."

பதினொரு முட்டை

அருமனையில் ராத்திரிக் கச்சேரிக்கு ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை சாமான்களை வண்டியில் ஏற்றும்போது, மடித்துக் கட்டிய லுங்கியோடு ஒரு பெரியவர் வந்தார். ரப்பர் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் வீடு.

"இதுல தடிச்ச சத்தம் போட்டவன் எவன்டே?"

மூன்று பேரும் ஒரே சமயத்தில் என்னைக் காட்டினார்கள்.

"பாட்டு ஒண்ணும் எங்க வீடுவரை எத்தல்ல. ஒனக்க முழக்கம் மட்டும் சொவரு வழியா வந்துச்சு. அடை கெடந்த எனக்க கோழி முட்டைய விட்டு எந்திரிச்சுப் போச்சு. பதினொண்ணு முட்டை! இடி இடிச்சா முட்டை கெடும்னு கரிக்கட்டை போட்டு வச்சிருந்தேன். ஒனக்க சத்தத்துக்கு அது பத்தல்ல."

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம். நானோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றாகக் கேட்டதா என்று மூன்று தடவை கேட்டேன். அவர் மெல்லக் கையை உருவிக்கொண்டார். இவனுக்கு என்ன கோளாறோ என்று பார்த்தவர், கொஞ்சம் தணிந்தார்.

"அடுத்த வருசமும் நீதான் வருவியாடே? உள்ளதச் சொல்லு. கோழிய மகளுக்க வீட்டுல கொண்டு விட்டிருதேன்."

யோசிக்காமல் வருவேன் என்று சொல்லிவிட்டேன். விசாவை ஏன் வேண்டாம் என்றாய் என்று மஸ்கட்டிலிருந்து தினமும் கேட்பவரிடம், ஒரு கோழி எழுந்து போனதால் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.