பத்து வியோலாவில் ஒன்று

நான் திரைப்படங்களுக்கு இசை வாசிக்கும் ஓர் இசைக்குழுவில் வியோலா வாசிக்கிறவள். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, தணிந்த குரல் உள்ள வாத்தியம் அது. மருந்தாளர் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு இதற்கு வந்ததை எங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. அதனால் நான் வாசித்த ஐரோப்பியப் படம் ஒன்று ஒஸ்லோவுக்கு வந்தபோது அம்மா ஒரு முடிவோடு இருந்தார். திரையில் என் பெயர் வரும், எல்லாருடைய வாயும் அடைபடும்.

பெயர் வராது என்று மூன்று தரம் சொன்னேன். அரங்கேற்ற அழைப்பிதழில் சுருதிப்பெட்டி போட்டவர் பெயர் வரைக்கும் அச்சடிக்கிற சனம் நாங்கள். நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. பெரியம்மா, மாமா, மாமி என்று பதினொரு பேரை நகரின் ஓரத்திலிருக்கும் ஸ்டோவ்னரிலிருந்து டீபான் என்கிற சுரங்க ரயிலில் ஏற்றிக் கூட்டிவந்தார். எல்லாரும் கலியாண வீட்டுக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தார்கள்.

படம் முடிந்தது. மற்றவர்கள் எழுந்து போனார்கள். எங்கள் வரிசை மட்டும் அசையவில்லை. அம்மா கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். வாகனம் ஓட்டியவர், நாய் பழக்கியவர், சமைத்தவர் என்று பெயர்கள் ஏறின. இசைக்குழுவுக்கு ஒரே வரி, குழுவின் பெயர் மட்டும். விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

மாமா வாசல் வரைக்கும் பொறுத்திருந்தார்.

"சமைச்சவனுக்கும் பெயர் இருக்கு. உனக்கு இல்லையே, பிள்ளை. இப்பவும் ஒண்டும் பிந்தேல்லை, விட்ட படிப்பைப் படி."

அம்மா தலையைக் குனிந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எதற்கு வெட்கம்? ஒலிப்பதிவில் எல்லார் காதிலும் மாட்டிய கருவியில் ஒரே தாளம் 'டிக் டிக்' என்று ஓடும். பத்து வியோலாவின் வில்லும் ஒன்றாக இழுபட வேண்டும். முதல் வருடம் என்னால் ஒலிப்பதிவை இரண்டு தரம் நிறுத்தினார்கள். சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் பழகிய விரல், என்னை அறியாமல் சுரத்தை அசைத்துவிட்டது. அந்த விரலை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"மாமா, என்ரை சத்தம் தனியக் கேட்டிருந்தால் நான் பிழையா வாசிச்சனான் எண்டு அர்த்தம்," என்றேன். "படிப்பை விட்டது விட்டதுதான். திங்கக்கிழமை அடுத்த படத்துக்கு வாசிக்கக் கூப்பிட்டிருக்கினம். போகத்தான் போறன்."

டீபானுக்கு நேரமாகிறது என்றார் பெரியம்மா.

ரயிலில் அம்மா என் பக்கத்தில் இருந்தார், மாமா எதிரே. இரண்டு நிலையம் போனபிறகு அம்மா, பெட்டி முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"படத்திலை அந்த மனுசி கதவைத் திறக்கேக்கை அடியிலை ஒரு சத்தம் வந்தது. எனக்கு நெஞ்சு விறைச்சுப் போச்சு. அது நீயோ?"

"ஓம். நாங்கள் பத்துப் பேர்."

"அப்ப பேந்து என்னத்துக்குப் பெயர்," என்றார் அம்மா, மாமாவைப் பார்த்து.